டவுசர் போட்ட அப்பிச்சி



ரெண்டு வாரமா ஒண்ணும் எழுத முடியலை. நாத்து விட்ட வேலை ஒரு பக்கம், பேரனும் பேத்தியும் லீவுக்கு வந்தது ஒரு பக்கம். இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு நாள் குடும்பத்தோட மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் போய்ட்டு வந்தோம். நீலகிரி மலை அடிவாரத்துல, ஊட்டி ரோட்டுல இருக்கற தண்ணி விளையாட்டுப் பார்க். போனது ஒரே ஒரு நாள். அதுக்குத் திட்டம் போட்டது 15 நாள். நெல்லு நடறதுக்குக்கூட நான் இத்தனை கணக்குப் போட்டதில்லை.

டவுன்ல இருக்கற உங்களுக்கு இது சாதாரணமா இருக்கலாம். சனிக்கிழமை காலையில நெனச்சா பத்து மணிக்குக் கிளம்பிடுவீங்க. கட்டுத்தரையில மாடு நிக்கறவனுக்கு அப்படி முடியாதுங்க. காலையில அஞ்சரைக்குக் கறக்கணும், சாயங்காலம் நாலு மணிக்குக் கறக்கணும். இந்த ரெண்டுக்கும் நடுவுல போய்ட்டு வர்ற ஊருக்குத்தான் இத்தனை வருசமா போயிருக்கேன். கோயில், கல்யாணம், எழவு, ஆஸ்பத்திரி, அவ்வளவுதான்.

பேரனுக்கு ஏழு வயசு, பேத்திக்கு மூணரை. மக திருப்பூர்ல இருக்கறா, மாப்பிள்ளை பனியன் கம்பெனியில வேலை. பேரன் வந்து இறங்கினதுமே, "அப்பிச்சி, என் பிரண்டு தீம் பார்க் போயிட்டு வந்தானாம். நாம எப்பப் போறோம்?"னு கேட்டான். போறமான்னு கேக்கலை, எப்பன்னுதான் கேட்டான். நானும் வாய் தவறி, "இந்த லீவுலயே போலாம் சாமி"ன்னுட்டேன். கொழந்தைககிட்ட சொன்ன வார்த்தை பேங்க்ல வாங்கின கடன் மாதிரிங்க. தெனமும் காலையில வந்து நிக்கும்.

மொதல்ல நாள் பாக்கணும். எங்களுக்குத் தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். ஏ.எஸ்.டி 16 நாத்து விட்டிருந்தேன். நாத்து 20 நாளைக்கு மேல ஆச்சுன்னா பறிச்சு நட்டாகணும், முத்தவிட்டா தூர் கட்டாது. அதுக்கு முந்தி சேத்துழவு ஓட்டணும். டிராக்டர்காரர் வியாழக்கிழமைதான் வருவேன்னுட்டார். விதை போட்ட மொத வாரம் தண்ணி கட்டறது, வடிக்கறது, குருவி வெரட்டறதுன்னு ஆள் கிட்டவே இருக்கணும். பன்னெண்டு பதிமூணாம் நாளுக்கு மேல ஒரு நாள் ஆள் இல்லாட்டியும் நாத்து கோவிச்சுக்காது. ஆக, பன்னெண்டாம் நாளுக்குப் பொறகு, டிராக்டர் வர்றதுக்கு முந்தி. அப்படிப் பாத்தா செவ்வாய்க்கிழமை ஒண்ணுதான் மாட்டுச்சு.

மாப்பிள்ளை ஞாயித்துக்கிழமைன்னா லீவு போட வேண்டியதில்லைன்னு சொன்னார். நான்தான் வேண்டாம்னேன். மே மாசத்து ஞாயித்துக்கிழமை மேட்டுப்பாளையம் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். ஊட்டிக்குப் போற கார் நெறைய அந்த ஊரைத் தாண்டித்தான் போகும். மலர் கண்காட்சி நடக்கற சமயம்னா சொல்லவே வேண்டாம். சின்னப் பசங்களைக் கூட்டிட்டுப் போறவங்க ஒரு நாள் சம்பளம் போனாலும் வார நாள்ல போறதுதான் லாபம். பார்க்குக்குள்ள ஒரு சறுக்குக்கு முக்கால் மணி நேரம் வரிசையில நிக்க பெரியவங்களால முடியும். மூணரை வயசால முடியாது.

அடுத்தது மாடு. எங்க செவலை 9 லிட்டர் கறக்கும். வேற ஆள் கை வெச்சா பாலை அடக்கிக்கும். பக்கத்துத் தோட்டத்துப் பங்காளிகிட்டச் சொன்னேன். "ஒரு நேரம்தானே, நான் பாத்துக்கறேன், நீ போ"ன்னார். ஆனாலும் நான் நாலு நாள் முன்னாடியே சாயங்காலம் அவரைக் கூட வெச்சுக் கறந்து பழக்கினேன். எங்க வீட்டுல பாத்துட்டு, "மாட்டுக்கே ஒத்திகையா?"ன்னு சிரிச்சாங்க.

பொறகு காசு. ஆறு பேருக்கு டிக்கெட், போய்வர வண்டி, சாப்பாடு எல்லாம் சேத்து 9,000 ரூபாய்க்குக் குறையாதுன்னு மாப்பிள்ளை கணக்குச் சொன்னார். லிட்டர் 35 ரூபாய்னு வெச்சா செவலையோட ஒரு மாசப் பால் காசு, அதுவும் தீவனச் செலவைக் கழிக்காம. நான் பஸ்ல போலாம்னேன். கோபியிலிருந்து சத்தி, புளியம்பட்டி வழியா எண்பது கிலோமீட்டர் பக்கம் வரும். போறதுக்கு பஸ் சரிதான். அதுக்கு மக சொன்னது நியாயமா இருந்துச்சு. "போறப்ப எல்லாரும் முழிச்சிருப்பாங்கப்பா. வர்றப்ப ரெண்டும் தூங்கும். ஈரத்துணி மூட்டை ஒரு கையில, தூங்கற பிள்ளை ஒரு கையில, பஸ்ல எப்படிங்கப்பா ஏறறது?" ஆமாங்க, பயணத்துல போறதைப் பத்தித்தான் எல்லாரும் யோசிக்கறோம். சின்னப் பிள்ளைக இருந்தா திரும்பி வர்றதைத்தான் மொதல்ல யோசிக்கணும். வாடகைக் கார் பேசினோம்.

இனிமேல்தான் விசயம் இருக்கு.

இந்த மாதிரி பார்க்குகள்ல வயசைவிட உயரம்தான் கணக்காம். டிக்கெட்டே பல இடத்துல உயரம் பாத்துத்தான். பெரிய சறுக்கு, சுத்தற ராட்டினம் எல்லாத்துக்கும் 120 செ.மீ., 140 செ.மீ.ன்னு அளவு வெச்சிருப்பாங்க. வாசல்ல ஒரு கோலை நட்டு, அதுக்குக் கீழ இருக்கறவனைத் திருப்பி அனுப்பிருவாங்க. அது சரியான ஏற்பாடுதான். கட்டுற பட்டை பெரிய உடம்புக்குன்னு அளவெடுத்தது, சின்ன உடம்பு அதுல நழுவிடும். ஆனா நூறு கனவோட போற பையனுக்கு அங்க போய்த் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போகும். வீட்டுலயே அளந்து சொல்லிடணும்னு முடிவு பண்ணினேன்.

வரப்பு அளக்கற டேப்பை எடுத்து, கட்டுத்தரைத் தூண்ல நிக்கவெச்சு அளந்தேன். பேரன் குதிகாலைத் தூக்கினான். அமுத்திப் பிடிச்சு அளந்தா 117. பேத்தி 95. தூண்ல பென்சில்ல கோடு போட்டு, இதுக்கு மேல ஒரு சாண் தள்ளி 140-க்கு ஒரு கோடு போட்டேன். "இந்தக் கோட்டைத் தலை தொடற வருசம் பெரிய சறுக்குல போலாம். இந்த வருசம் சின்னக் குளம், சின்னச் சறுக்கு, அலையடிக்கற குளத்துல முழங்கால் தண்ணி வரைக்கும்"னு சொன்னேன். ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தான். மூணாம் நாள் அவனே எல்லாருகிட்டயும், "நான் 117, எனக்கு இன்னும் 23 வேணும்"னு சொல்லிட்டுத் திரிஞ்சான். அழுகையை வீட்டுலயே அழுது முடிச்சது நல்லதாப் போச்சு.

அன்னிக்கு அளந்துக்கிட்டு இருக்கையில மக தூணுக்குப் பக்கத்துல வந்து நின்னு, "எனக்கு அளக்க வேண்டாமாங்கப்பா?"ன்னு சிரிச்சா. நானும் சிரிச்சுட்டு டேப்பைச் சுருட்டிட்டேன்.

அன்னிக்கு ராத்திரி அவளே வந்து சொன்னா. "அப்பா, ரெண்டு பேரும் பெருசு எதுலயும் ஏற முடியாது. எதுக்கு 9,000 ரூபாய்? கொடிவேரிக்கே போயிரலாங்கப்பா. அருவியில குளிச்சுட்டு, மீன் வறுவல் தின்னுட்டு, மத்தியானத்துக்குள்ள வீடு வந்துரலாம். நீங்க மாடு கறக்கறதுக்கும் ஆச்சு."

சொன்னது தப்பில்லைங்க. கொடிவேரி அணை எங்க ஊர்க்காரங்களுக்கு தீம் பார்க் மாதிரிதான். 1125-ல கொங்காள்வான்ங்கற மன்னர் காலத்துல கட்டினதுன்னு சொல்லுவாங்க. பவானி ஆத்தை அங்க மறிச்சுத்தான் தடப்பள்ளி, அரக்கன்கோட்டைன்னு ரெண்டு வாய்க்கால் பிரியுது. 24,000 ஏக்கருக்கு மேல பாயுது, அதுல என் ஒண்ணேகால் ஏக்கரும் ஒண்ணு. நான் வளந்ததே அந்தத் தண்ணியில. செலவும் கம்மி.

சரின்னு சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திட்டேன். இதே மாதிரி ஒரு தடவை சரின்னு சொல்லியிருக்கேன்.

2003-ங்க. அவளுக்கு ஒன்பது வயசு. பள்ளிக்கூடத்துல இதே மேட்டுப்பாளையம் பார்க்குக்கு சுற்றுலா கூட்டிட்டுப் போனாங்க. 150 ரூபாய் கட்டணும்னு சீட்டு கொண்டுவந்தா. அந்த வருச வறட்சி உங்கள்ல வயசானவங்களுக்கு ஞாபகம் இருக்கும். பவானிசாகர்ல தண்ணி இல்லை, நான் நாத்தே விடலை, பெருந்துறைப் பக்கம் மில்லுக்குக் கூலி வேலைக்குப் போய்ட்டு இருந்தேன். 150 ரூபாய் இல்லாமலும் இல்லை. வீட்டுல இருந்தது 400 ரூபாய், அது அரிசிக்கும் மாட்டுத் தீவனத்துக்கும். "அடுத்த வருசம் நானே உன்னைக் கூட்டிட்டுப் போறேன் அம்மிணி"ன்னேன். "சரிங்கப்பா, எனக்கு ஒண்ணும் அவ்வளவு ஆசையில்லை"ன்னா. ஒன்பது வயசுல அப்படிச் சொல்லிட்டு, சுற்றுலா போன அன்னிக்கு எங்கூடக் காட்டுல விறகு பொறுக்க வந்தா.

அடுத்த வருசம் தண்ணி வந்துச்சு, நெல்லு வெளைஞ்சுச்சு. அவ கேக்கலை, எனக்கும் ஞாபகம் வரலை. ஞாபகம் வந்தப்ப அவ பத்தாவது படிச்சா. பொறகு அவளுக்குக் கல்யாணமே ஆயிடுச்சு. இப்ப 31 வயசுல ரெண்டு பிள்ளைகளை வெச்சுக்கிட்டு, அதே குரல்ல மறுபடியும் வேண்டாம்ங்கறா. தூணுக்குப் பக்கத்துல வந்து நின்னு சிரிச்சாளே, அது அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது.

நான் அவகிட்ட இதையெல்லாம் பேசலை. எங்க வீடுகள்ல அப்படிப் பேசிப் பழக்கமில்லை. "கொடிவேரிக்கு எப்ப வேணும்னாலும் போலாம், வண்டிக்கு முன்பணம் குடுத்தாச்சு"ன்னேன். பொய்தான். மறுநாள் காலையில போய்க் குடுத்தேன்.

அதுக்குப் பொறகு திட்டத்தையே மாத்தினேன். சின்னப் பிள்ளைகளை வெச்சிருக்கற தாய்க்கு எந்த ஊருக்குப் போனாலும் அதே வேலைதான். ஊட்டறது, கழுவறது, துணி மாத்தறது, தேடறது. ஊருக்குப் போய்ட்டு வந்த பொறகு அவளுக்குத்தான் ரெண்டு நாள் இடுப்பு வலி. அதனால ஒரு தாள்ல எழுதினேன். காலையில கதவு தொறக்கறதுக்கு முன்னாடி போய்ச் சேரணும். பதினொண்ணரை வரைக்கும் எல்லாரும் பிள்ளைகளோட. பன்னெண்டு மணிக்குக் கூட்டம் வர்றதுக்கு முந்தியே சாப்பாடு. ஒரு மணிக்குப் பேத்தி தூங்குவா, எங்க வீட்டுல அவளை மடியில போட்டுக்கிட்டு நெழல்ல உக்காரணும். பேரன் என் பொறுப்பு. ஒண்ணு முதல் மூணு வரைக்கும் மகளும் மாப்பிள்ளையும் எங்க வேணும்னாலும் போகட்டும். மூணரைக்குக் கெளம்பிடணும்.

தாளைப் பாத்துட்டு மக, "ஒண்ணு முதல் மூணு எங்களுக்கு எதுக்குங்கப்பா?"ன்னா. "டிக்கெட் காசு ஆறு பேருக்கும்தான் குடுக்கறோம். ரெண்டு பேர் சும்மா உக்காந்திருந்தா நட்டம்"னேன். விவசாயி பேச்சு, நம்பிட்டா.

கடைசியா துணிப் பிரச்சினை. தண்ணிப் பார்க்குல பருத்தித் துணியோட குளத்துல இறங்கக்கூடாது, நைலான் மாதிரி துணிதான் போடணும். பருத்தி நூல் பிரிஞ்சு தண்ணி வடிகட்டற இடத்துல அடைச்சுக்குமாம். மாப்பிள்ளை பனியன் கம்பெனி, வீடு பூராப் பருத்தி. "ஊருக்கே பனியன் அனுப்பறோம், நமக்கு நைலான் தேடறோம்"னு அவரே சிரிச்சார். அங்கேயும் வாடகைக்கும் வெலைக்கும் கெடைக்கும்னு சொன்னாங்க. வரிசையில நின்னு சின்னப் பிள்ளைக்கு அளவு தேடறதுக்குப் பதிலா முன்னாடியே கோபியில வாங்கிட்டோம். ரெண்டு பிள்ளைகளுக்கும் நல்ல ஆரஞ்சு கலர்ல எடுத்தேன். நீலக் குளத்துல நீலச் சட்டை போட்ட பிள்ளையை எப்படிக் கண்டுபிடிக்கறது?

எனக்கு வேட்டி ஆகாதுன்னுட்டாங்க. அதனால 56 வயசுல மொத மொதல்ல முழங்கால் வரைக்கும் ஒரு நைலான் டவுசர் வாங்கினேன். எங்க வீட்டுல பாத்துட்டு அடுப்படிக்குள்ள போய்ச் சிரிச்ச சத்தம் எனக்கு வெளிய கேட்டுச்சு. அவங்க சேலையை மாத்தவே மாட்டேன்னுட்டாங்க. கரையிலயே இருந்துக்கறேன்னாங்க.

போன நாளைப் பத்திச் சுருக்கமாச் சொல்றேன். விடிய ஆறு மணிக்குக் கெளம்பினோம். மேட்டுப்பாளையம் பாலத்துல வண்டி மெதுவாப் போகையில கீழ பவானி ஆறு. "இந்தத் தண்ணிதான் பவானிசாகருக்குப் போய், கொடிவேரிக்கு வந்து, நம்ம வயலுக்கு வருது"ன்னு பேரனுக்குக் காட்டினேன். "அப்ப நாம இதுல மெதந்தே வீட்டுக்குப் போயிரலாமா?"ன்னான். யோசனை நல்லாத்தான் இருந்துச்சு.

உள்ள போனதும் ரெண்டு பிள்ளைக கையிலயும் மாப்பிள்ளை போன் நம்பரைப் பேனாவுல எழுதினோம். குளத்துல இறங்கினதும் ஒரு பேத்திக்கு ஒரு ஆள்னு பேச்சு. கிணத்து மேட்டுல பிள்ளை நின்னா கண்ணை எடுக்க மாட்டம்ல, அதே மாதிரிதான். முழங்கால் தண்ணிதானேன்னு நெனைக்காதீங்க. மூணரை வயசுப் பிள்ளை குப்புற விழுந்தா அந்தத் தண்ணியே போதும், சத்தமும் வராது. பக்கத்துல ஒருத்தர் கரையில உக்காந்து போன் பாத்துட்டு இருந்தார், அவர் பிள்ளை ரெண்டு தடவை என் காலைப் பிடிச்சு எந்திரிச்சுது.

பேத்தி மொத அரை மணி நேரம் என் கழுத்தை விட்டு இறங்கலை. மேல இருந்து வாளி வாளியாத் தண்ணி கொட்டறதைப் பாத்து அழுதா. இறங்கு இறங்குன்னு நாங்க அவசரப்படுத்தலை. கன்னுக்குட்டியை மொதல் தடவை வாய்க்கால் தாண்ட வைக்கறப்ப இழுத்தா தாண்டாது, கூட நின்னாத் தாண்டும். பொறகு அவளே இறங்கினா. அப்புறம் ஏத்தறதுதான் கஷ்டமாப் போச்சு.

ஒரு மணிக்கு அவ தூங்கினா. மக போகத் தயங்கினா. "பையன் தேடுவானேப்பா"ன்னா. பையன் சின்னச் சறுக்குல எட்டாவது தடவை போய்ட்டு இருந்தான், யாரையும் தேடலை. "போ அம்மிணி"ன்னேன்.

நானும் பேரனும் இருந்த எடத்துல இருந்து அந்த உயரச் சறுக்கு தெரியும். மேல நிக்கற ஆளுக எறும்பு மாதிரி இருந்தாங்க. எது என் மகன்னு எனக்குத் தெரியலை. ஒவ்வொருத்தர் வழுக்கி வர்றப்பவும் ஒரு சத்தம் வரும். அதுல ஒண்ணு அவளதா இருக்கும்னு நெனச்சுக்கிட்டு நின்னேன்.

மூணு மணிக்குத் தலையெல்லாம் ஈரமா, மூச்சு வாங்கிட்டு வந்தா. கண்ணு செவந்திருந்துச்சு, தண்ணி பட்டிருக்கும். "நாலு தடவை போனேங்கப்பா. மொத தடவை பயத்துல கண்ணை மூடிக்கிட்டேன், அதனால மறுபடியும் போனேன்"னா. பொறகு கொஞ்ச நேரம் கழிச்சு, துண்டைப் பிழிஞ்சுக்கிட்டே, என்னைப் பாக்காம, "நீங்க மறந்துட்டீங்கன்னுதான் நெனச்சேன்"னா. நான், "மணி மூணாச்சு, கெளம்பணும்"னேன்.

காருல அஞ்சு நிமிசத்துல ரெண்டு பிள்ளைகளும் தூங்கிருச்சு. புளியம்பட்டி தாண்டறதுக்குள்ள மகளும் தூங்கிட்டா, வாய் லேசாத் தொறந்து, ஒன்பது வயசுல தூங்கின மாதிரியே. நாங்க வீடு வந்து சேந்தப்ப பங்காளி பால் கறந்து சொசைட்டியில ஊத்திட்டார். எப்பவும் நாலு லிட்டர் கறக்கற நேரத்துக்கு ரெண்டரைதான். செவலை அடக்கித்தான் வெச்சிருந்துச்சு. மறுநாள் காலையில எனக்குச் சேத்துக் குடுத்துருச்சு.

சின்னப் பிள்ளைகளோட இப்படிப் போக நெனைக்கறவங்களுக்கு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். எல்லாத்தையும் பாத்துரணும்னு போகாதீங்க. பிள்ளைக உயரத்தை வீட்டுலயே அளந்து, எது முடியாதுன்னு முன்னாடியே சொல்லிடுங்க. தூங்கற நேரத்தைத் திட்டத்துல சேத்துங்க. மாத்துத்துணி ரெண்டு செட்டு எடுங்க, உப்புச் சக்கரைக் கரைசல் பொட்டலம் எடுங்க, வெயில் தண்ணிக்குள்ள தெரியாது. களைச்சு அழறதுக்கு முன்னாடியே கெளம்பிடுங்க. வீட்டுல பெரியவங்க இருந்தா கூட்டிட்டுப் போங்க, அவங்ககிட்ட ரெண்டு மணி நேரம் பிள்ளைகளை விட்டுட்டு நீங்களும் போய் விளையாடுங்க. பெரியவங்களா இருக்கறவங்க, உங்க பிள்ளைகளுக்கு எப்பவாவது எதுவாவது சொல்லிட்டு விட்டுருக்கீங்களான்னு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க. அவங்க கேக்க மாட்டாங்க.

திருப்பூர் போனதும் பேரன் பள்ளிக்கூடத்துப் பிரண்டுககிட்டப் போன்ல என்ன சொன்னான்னு மக சொன்னா. அலை வந்ததும் சொல்லலை, சறுக்கையும் சொல்லலை. "எங்க அப்பிச்சி டவுசர் போட்டாங்க"ன்னுதான் சொன்னானாம். 9,000 ரூபாய்க்கு அதுதான் அவனுக்கு மிச்சம்.

டவுசரைத் தொவைச்சு மடிச்சு வெச்சிருக்கேன். தூண்ல 140-ல போட்ட கோடு அப்படியே இருக்கு. இன்னும் 23 செ.மீ. வேணும்.

நாளைக்கு நடவு. பத்து ஆளு வர்றாங்க, வெள்ளென எந்திரிக்கணும். வரட்டுங்களா.